பூனைக்குட்டிக்குக் கருத்தடை: ஐந்தாம் மாதம் தாண்டக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில், பெண் பூனைக்குக் கருத்தடை செய்ய எட்டு மாதம் முதல் ஒரு வயது வரை பொறுக்கலாம், முதல் ஈற்று முடிந்தபின் செய்தால் இன்னும் நல்லது என்று எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பலர் நம்புவதும் இதைத்தான். ஆனால் அது மாட்டுக்குப் பார்க்கும் கணக்கு, பூனைக்குப் பொருந்தாது. ஒருமுறை குட்டி போடுவதால் பூனையின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. செய்யவேண்டிய வயது நான்கு மாதம். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். அப்படியானால் ஆறு மாதம் நிரம்பிய குட்டி தானே குட்டி போட்டு நிற்கும். அதன் இடுப்பு இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது, வாயில் நிலைப்பற்கள் எல்லாம் முளைத்திருக்காது. எட்டு மாதம் வரை காத்திருந்தவர் வீட்டில் அதற்குள் மூன்று நான்கு குட்டிகள் இருக்கும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் மறுபடியும் சினைப்படும் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பருவம் வந்ததைப் பலர் கவனிப்பதில்லை. நாயைப் போலப் பூனைக்கு இரத்தம் போகாது. குட்டி நிலத்தில் உருண்டு புரளும், அடித்தொண்டையால் இழுத்து இழுத்துக் கத்தும். முதுகில் கை வைத்துத் தடவினால் முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தும், வாலை ஒரு பக்கம் ஒதுக்கிப் பின்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும். வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் பருக்குகிறவர்களும் உண்டு. ஏறக்குறைய ஒரு வாரம் இப்படி இருக்கும். கடுவனோடு சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும்.

குளிர்நாட்டுப் பூனைகளுக்கு இனப்பெருக்கக் காலம் என்று ஒன்று உண்டு. பகல் குறுகும் மாதங்களில் அவை பருவத்துக்கு வருவது பெரும்பாலும் நின்றுவிடும். அங்கே இலையுதிர்காலத்தில் பிறந்த குட்டிக்கு வசந்தம் வரை சற்று அவகாசம் கிடைக்கலாம். மட்டக்களப்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. ஆகவே மாரியும் கோடையும் இங்குள்ள பூனைக்கு ஒன்றுதான், பன்னிரண்டு மாதமும் அதற்குப் பருவகாலம். வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள வயதை அப்படியே எடுத்துப் போட்டால், தவறு நம் பக்கம்தான் அதிகமாக விழும். இத்தனைக்கும் அந்த நாடுகளே இப்போது வயதைக் குறைத்துவிட்டன. அமெரிக்காவில் 2016 இல் இதற்கென்று கூடிய மிருக வைத்தியர் குழு ஐந்து மாதத்துக்குள் என்று பரிந்துரைத்தது. 2017 இல் அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் அதை ஏற்றது. பிரித்தானியாவில் வீட்டுப் பூனைக்கு நான்கு மாதம் என்கிறார்கள்.

பிறந்த தேதி தெரியாத குட்டிதான் நம் ஊரில் அதிகம். சந்தையடியில் உரப்பையோடு கிடந்ததற்கு யார் தேதி எழுதி வைத்தார்கள்? அதற்கு வாயைப் பாருங்கள். உதட்டை மெல்லத் தூக்கினால் முன்னால் அரிசி மணி போன்ற சிறு வெட்டும் பற்கள் தெரியும். அவை ஊசிமுனை போல இருந்தால் பாற்பல். சற்று அகன்று வெண்மையாக மாறத் தொடங்கியிருந்தால் குட்டிக்கு ஏறக்குறைய நான்கு மாதம், வைத்தியரிடம் நாள் கேட்கும் நேரம் அதுதான். மெல்லிய பால் வேட்டைப்பல்லுக்குப் பக்கத்தில் தடித்த புது வேட்டைப்பல் முளைத்து, ஒரே இடத்தில் இரண்டு பல் நின்றால் ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனி ஒரு கிழமையும் தள்ளிப்போட வேண்டாம். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தாலும் ஓரளவு தெரியும்: நன்றாகத் தின்று வளரும் குட்டி மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். தெருக்குட்டிகள் இதைவிட மெலிந்திருக்கும் என்பதால் நிறையைவிடப் பல்லையே நம்பலாம். விலங்குக் காப்பகங்களில் எட்டு வாரத்திலேயே, ஒரு கிலோ அளவில், இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்கிறார்கள். ஆகவே நான்கு மாதக் குட்டி தாங்காது என்ற பயம் வேண்டியதில்லை.

சீக்கிரம் செய்தால் வளர்ச்சி குன்றும் என்பார்கள். நடப்பது எதிர்மாறு: எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சற்றுத் தாமதமாக மூடுவதால் கால் கொஞ்சம் நீளும். கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் சுருங்கும் என்பதையும் அளந்து பார்த்துவிட்டார்கள், வித்தியாசம் இல்லை. உண்மையாகக் கூடுவது கொழுப்புத்தான். சக்தித் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, நாம் போடும் சோறும் மீனும் குறைவதில்லை.

முலைப் புற்றுநோயைப் பொறுத்தவரை வயதுதான் எல்லாம். 2005 இல் வந்த ஆய்வொன்றின்படி, ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைக்கு அந்த ஆபத்து 91 வீதம் குறைவு. ஒரு வயதுக்கு முன் என்றால் 86 வீதம். இரண்டு வயது தாண்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பூனைக்கு வரும் முலைக்கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் பொல்லாத வகை என்பதால் இது சின்ன விடயம் அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பதிலாக, பெண்களுக்குப் போடும் மூன்று மாத ஊசியைப் பூனைக்குப் போடும் வழக்கமும் இருக்கிறது. அந்த ஓர்மோன் பூனையின் கருப்பையில் சீழ் பிடிக்க வைக்கும், முலையை வீங்கச் செய்யும், நீரிழிவையும் கொண்டுவரும். ஏற்கெனவே சினைப்பட்டிருந்த பூனைக்குப் போட்டால் பிரசவம் தள்ளிப்போய்க் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகலாம்.

சிறு குட்டியில் பிழை நடப்பது பெரும்பாலும் கத்தியால் அல்ல, பட்டினியாலும் குளிராலும்தான். 'முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பின் உணவு கொடுக்க வேண்டாம்' என்ற அறிவித்தல் வளர்ந்த விலங்குக்கு எழுதியது. வாகரையில் இருந்து விடியப் புறப்பட்டு மட்டக்களப்பு நகருக்கு வந்து, வரிசையில் இருந்து, பகல் பதினொரு மணிக்கு மேசையேறும் குட்டி அதற்குள் பதினைந்து மணி நேரப் பட்டினி. குட்டியின் ஈரலில் சேமிப்புக் குறைவு, இரத்தத்தில் சீனி இறங்கிவிடும், மயக்கம் தெளியாது. நான்கு மாதக் குட்டிக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் உணவை நிறுத்தினால் போதும், தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை. வைத்தியரிடம் நேரத்தைக் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசியாக ஒரு தேக்கரண்டி மீன்சோறு கொடுங்கள். முற்றாக வயிறு நிறைந்திருப்பதும் கூடாது: மயக்கத்துக்குப் போடும் சைலசின் ஊசி ஏறியதும் பூனை வாந்தி எடுக்கும், அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

அன்று காலை குளிப்பாட்ட வேண்டாம், ஈர உடம்பு மயக்கத்தில் சூட்டை இழக்கும். ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் தெள்ளோ கொக்கிப்புழுவோ இரத்தத்தைக் குடித்திருக்கிறது. அப்படிப்பட்ட குட்டி சிறு இரத்தப்போக்கையும் தாங்காது. முதலில் பூச்சிமருந்து, பிறகு இரண்டு மூன்று கிழமை நல்ல சாப்பாடு, அதன்பின் சத்திரசிகிச்சை. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைத் தெள்ளுக்காகப் பூனையில் ஊற்றிவிடாதீர்கள், வலிப்பு வந்து சாகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கண் திறந்தபடி அசையாமல் கிடப்பதைக் கண்டு பலர் பதறுவார்கள். கெற்றமின் என்ற மயக்க மருந்தின் இயல்பு அது. துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலை முதுகுப்பக்கம் வையுங்கள், தோலில் நேரே படக்கூடாது. கட்டில், மேசை, சன்னல் எதுவும் எட்டாத அறையில் நிலத்தில் கிடத்துங்கள், தலை நிற்காத நேரத்தில்தான் ஏறிப் பார்க்கும். தலையைத் தூக்கி விழுங்கத் தொடங்கியதும் கொஞ்சமாக உணவு. சோர்ந்து கிடந்தால் சீனிப்பாணியை விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு வைத்தியரை அழையுங்கள்.

வலிக்கிறதே என்று பனடோல் கொடுக்கவே கூடாது. பூனையின் ஈரலால் பரசிற்றமோலைச் சரியாகப் பிரித்து வெளியேற்ற முடியாது. ஒரே குளிசையில் ஈறு மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. காயத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினால் அந்த வாசத்துக்கே நக்கித் தையலைப் பிரித்துவிடும், டெற்றோலும் வேண்டாம். நக்காமல் இருக்கச் சிறுபிள்ளையின் நீளக்கை ரீ-சேட்டில் ஒரு கையை வெட்டி, நான்கு காலுக்கும் ஓட்டை போட்டு மாட்டினால் போதும், கழுத்துக் கூம்பைவிடக் குட்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். பத்து நாள் வீட்டுக்குள் வைத்திருங்கள். நம் வெக்கைக்கு ஈ மொய்த்தால் ஒரே நாளில் காயத்தில் புழு வைத்துவிடும். வெளித்தையல் போட்டிருந்தால் பத்தாம் நாள் அளவில் பிரிப்பார்கள்.

கடுவனுக்கு வேலை சுலபம். விதைப்பையில் வைக்கும் இரண்டு சிறு கீறலுக்குப் பொதுவாகத் தையலே போடுவதில்லை, திறந்தபடி ஆறும். அதனால் ஒரு கிழமைக்கு மணலில் போகவிடாமல், கிழித்த பத்திரிகைத் தாளைத் தட்டில் போட்டு வையுங்கள். (உங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன்.) நலமடித்த கடுவன் எலி பிடிக்காது என்பது கட்டுக்கதை, வேட்டைக்கும் விதைக்கும் தொடர்பில்லை. ஐந்து மாதத்துக்குள் செய்தால் சுவரில் சிறுநீர் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் தொடங்காது. ஏற்கெனவே வளர்ந்த கடுவன் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: குழாயில் மிஞ்சிய விந்து சில வாரம் உயிரோடிருக்கும். ஒரு மாதத்துக்காவது கருத்தடை செய்யாத பெண் பூனையோடு விடக்கூடாது.

ஒரு கோரிக்கை. இரு மாவட்டங்களிலும் கருத்தடை முகாம் நடத்துவோர் அறிவித்தலில் பூனைக்குத் தனி வரி எழுதட்டும்: நான்கு மாதக் குட்டிகளை ஏற்போம், குட்டிகளுக்கு உணவு நிறுத்தும் நேரம் இவ்வளவு, தூரத்தில் இருந்து வரும் குட்டிகள் வரிசையில் முதலில் என்று. தெருப்பூனையாயின் மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை வெட்டிவிட வேண்டும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பூனையை மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏற்கெனவே செய்தது என்று தெரியவரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.