வெப்பமண்டல நாட்டுக்கு விடுமுறையில் கிளம்பும் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

பயணம் பதிவு செய்ததும் விசா, ஹோட்டல், லக்கேஜ் என்று எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் பெரும்பாலும் கிளம்பும் வாரத்தில்தான் வருகிறது. அதற்குள் சில விஷயங்களுக்கு நேரம் கடந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே இந்த மடல்.

கிளம்ப நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அந்த நோய் உள்ள நாட்டு விமான நிலையத்தில் நெடுநேரம் காத்திருந்து மாறி வந்தாலே போதும், அடுத்த நாடு அதைக் கேட்கலாம். முன்பே போட்டவர்கள் பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்பு மாத்திரை எழுதித் தருவார்கள். ஊருக்குத் திரும்பியதும் அதை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அங்கேதான் ஆபத்து. கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலில் போய்த் தங்கி, பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. அது வெளியே வரும்போது மருந்து உடம்பில் இருக்க வேண்டும். அதனால் திரும்பிய பிறகும் சில மாத்திரைகளை 7 நாள், சிலவற்றை 4 வாரம் சாப்பிடச் சொல்கிறார்கள்.

மாலையானதும் ஜன்னலைச் சாத்தினால் கொசுத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மலேரியா பரப்பும் அனாபிலஸ் இரவில் கடிக்கும், சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் பட்டப்பகலில் கடிக்கும். காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். நீச்சல் குளத்தோரம் சாய்ந்திருக்கும் நேரமே அதற்கு வசதி. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி என்ற வரிசையில் தடவுங்கள். கணுக்கால், செருப்பு வார்களுக்கு இடையே தெரியும் தோல், பின்கழுத்து ஆகிய இடங்கள்தான் விட்டுப்போகும். குளித்து எழுந்தால் மறுபடி தடவ வேண்டும்.

தண்ணீரில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள், ஐஸில் ஏமாந்துவிடுகிறார்கள். பாட்டில் தண்ணீரே குடித்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் உறைந்த கட்டியைப் பழச்சாற்றில் போட்டுக்கொண்டால் என்ன பயன்? பல் துலக்கவும் பாட்டில் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் ஓஆர்எஸ்ஸோடு நிற்காமல் மருத்துவரிடம் போங்கள்.

குரங்குக்குத் தீனி கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். நாயோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நோய் தலைகாட்டிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடலில் நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். வாடகை பைக் எடுப்பவர்கள் ஹெல்மெட் போடுங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமம் அந்த நாட்டில் செல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம்.

கடைசியாகச் சொன்னாலும் இதை மறக்கவே கூடாது: காய்ச்சல். டெங்கு, கொசு கடித்து 4 முதல் 10 நாளில் தெரியும். மலேரியா பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்தும் வரும்; அதில் கடுமையான வகை, சிகிச்சை தாமதமானால் ஒரே நாளில்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். எனவே திரும்பி வந்த பின் காய்ச்சல் அடித்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும், பாரசிட்டமால் போதும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் அபாயக் கட்டம். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்தெந்த நாட்டில் எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் பயணத் திட்டத்தின் நகல் எங்களிடம் இருக்கும். கேட்டால் உடனே அனுப்பிவைக்கிறோம், பயணம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டுக் குழுவினர்