நீலம் பாரித்த பிள்ளைகளும் வைத்தியர் ஹெலன் டௌசிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் இருதய நோய் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணர்களின் பெயர்களே முன்னுக்கு வருகின்றன. அத்துறைக்கு அடித்தளமிட்ட அமெரிக்க வைத்தியர் ஹெலன் டௌசிக் (1898–1986) சத்திரசிகிச்சை செய்தவரல்லர். நோயுற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் உற்றுக் கவனித்தவர். அந்தக் கவனிப்பு நமது பகுதிக்கு இன்றும் தேவைப்படுவதாலேயே இதனை எழுதுகிறேன்.

பெண்களுக்கு ஹாவர்ட் மருத்துவப் பட்டம் வழங்காத காலத்தில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பயின்று 1927இல் வைத்தியரான அவர், 1930இல் அங்கே பிள்ளைகளுக்கான இருதயக் கிளினிக்கைப் பொறுப்பேற்றார். செவிப்புலன் குன்றியதால், இருதயத்தின் ஓசையைப் பிள்ளையின் மார்பில் விரல் வைத்தே உணரப் பழகிக்கொண்டார். பிறவி இருதயக் குறைபாட்டால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து நீலம் பாரித்த பிள்ளைகளிற் சிலர், கருவிலிருந்த காலத்து இரத்தக்குழாய் ஒன்று மூடாதிருந்து நுரையீரலுக்கு இரத்தம் செலுத்தும்வரை ஓரளவு தேறியிருந்து, அது மூடியதும் மோசமடைவதை அவர் கண்டார். 1938இல் பொஸ்டனில் ரொபர்ட் குரொஸ் என்பவர், அது மூடாததே நோயாயிருந்த ஒரு பிள்ளைக்கு அத்தகைய குழாயைக் கட்டி மூடியபோது, மூட முடியுமானால் புதிதாக ஒன்றை ஏன் அமைக்க முடியாது என்று டௌசிக் எண்ணினார். அதனைச் செயலாக்கியவர்கள் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பிரட் பிளலொக்கும், பரிசோதனைக்கூடத்தில் அதற்கு வழி கண்ட விவியன் தோமஸும் ஆவர். கறுப்பினத்தவரான தோமஸின் பெயர் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது பெரும் அநீதி. 1944 நவம்பர் 29ஆம் திகதி முதற் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அக்குழந்தை சில மாதங்களுக்குப் பின் இறந்துபோனாலும், அதே முறையால் பிற்பாடு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள். இந்தியாவின் முதற் பெண் இருதய நோய் நிபுணராக அறியப்படும் வைத்தியர் பத்மாவதியும் டௌசிக்கிடம் பயின்றவரே.

நம்மவரின் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் நீலம் எளிதிற் புலப்படாது. ஆகவே நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் நகங்களையும் பார்க்க வேண்டும். பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்துப்போகும் குழந்தையையும், நாலு எட்டு ஓடியதும் குந்திக்கொள்ளும் பிள்ளையையும் கவனியாது விடக்கூடாது. குந்தும்போது கால்களுக்கான இரத்தவோட்டம் தடைப்பட்டு, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் கூடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பிள்ளை தனக்கென்று கண்டுகொண்ட ஆறுதல் அது. முன்பள்ளி முற்றத்தில் அப்படிக் குந்தியிருந்த ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று அதட்டியதை நானே கண்டிருக்கிறேன். நாவூறு என்று நினைத்து நாட்களைக் கடத்தும் குடும்பங்களும் உண்டு. நாவூறு கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கிளினிக்குக்குப் போவது அதற்காகத் தள்ளிப்போகக் கூடாது.

பிறந்த குழந்தையின் வலக்கையிலும் ஒரு காலிலும் சிறு கருவியைப் பொருத்தி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும், வலியும் இல்லை. இப்பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வராத பிரசவ விடுதிகள் இருப்பின், தாயும் சேயும் வீடு திரும்புமுன் அது தவறாமல் செய்யப்பட வேண்டும். மேலும், வாகரை முதல் பொத்துவில் வரை முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நடத்தப்படும் பயிற்சிகளில் மேற்சொன்ன அறிகுறிகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு சுகாதார, கல்வி அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிக்குடி.