கல்விக் கருத்தரங்கை ஜூலையில் நடத்துங்கள்

பினாங்கு ஆலய நிர்வாகங்கள், தமிழ் அமைப்புகள், முன்னாள் மாணவர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் முதுகலை படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்காக நீங்கள் கருத்தரங்கு நடத்துவது பெரிய காரியம். ஆனால், ஆண்டிறுதி விடுமுறையில் நடத்தினால் முக்கியமான உபகாரச் சம்பளங்கள் கைநழுவிப் போகின்றன. பிரிட்டன் அரசின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கான விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். 2025-இல் அக்டோபர் 7-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். முந்தைய ஆண்டுகளைப் போல நவம்பர் வரை அவகாசம் இருக்கும் என்று நம்பியிருந்தால் ஓராண்டு வீண். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் உபகாரச் சம்பளம் மாதம் 1,400 யூரோ தருகிறது. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பிக்க வேண்டும், படிப்புக்குப் படிப்பு தேதி மாறும்.

செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். வாரம் 35 மணி நேரம் வேலை என்றால் 80 வாரம். 75 வாரமே வேலை பார்த்தவருக்கு 175 மணி நேரம் குறையும். இங்கேதான் உங்கள் உதவி தேவை. பட்டம் பெற்றபின் செய்யும் தொண்டூழியமும் கணக்கில் சேரும். சனிக்கிழமை டியூஷன், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என எதுவானாலும் ஒரு பதிவேட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், கையொப்பம் எழுதி வையுங்கள். வாரம் 5 மணி நேரம் டியூஷன் எடுத்தால் 35 வாரத்தில் அந்தக் குறை தீரும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் பிள்ளைகளின் அடையாளக் கார்டில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' உண்டு. பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. ஒரு படிவத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிறது, இன்னொன்றில் 'ஏஎல்' நடுப்பெயராகிறது. பிறகு சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துவராமல் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. முதலில் கடப்பிதழ் எடுக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கும் எல்லாப் படிவங்களுக்கும் பயன்படுத்தட்டும். அந்தத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும், ரொம்ப முன்கூட்டியும் எழுத வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால், "ஒழுக்கமானவர், நல்ல உழைப்பாளி" என்று எழுதித் தராதீர்கள். எத்தனை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார், என்ன மாறியது என்று எழுதுங்கள்.

கருத்தரங்கில் ஒரு பேச்சாளர் போதும். மீதி நேரத்துக்கு நான்கு மேசை, ஓர் அச்சுப்பொறி, நகல்களைச் சான்றுறுதி செய்ய ஒரு சத்தியப் பிரமாண ஆணையர் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பங்களுக்கு உதவும் தொண்டூழியர்கள், ஜார்ஜ்டவுன்