எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்புகிறவர்கள் முதலில் நல்ல நிரலாளர்களாகத் தேற வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் ஆவணங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி: 'ஆவணம் எழுதுவது போன்ற சிறு வேலைகள்.' அந்தச் 'சிறு'தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் பத்தொன்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன். அச்சு வேலை குறைந்தபோது, நாற்பத்து நான்கு வயதில் இணைய நிரலாக்கத்துக்கு வந்தேன். வகுப்புக்குப் போகவில்லை; அந்தந்தக் கருவியின் ஆவணத்தைப் படித்துத்தான் கற்றேன். எனக்கு வாத்தியார் அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படிவத்தில் படம் பதிவேற்றும் வசதி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கென்று மற்றவர்கள் எழுதிப் பொதுவில் வைத்த ஒரு நிரல் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் வேண்டாம், அதைப் பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள். ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே பதினொரு வரியில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. எடுத்து அப்படியே ஒட்டினேன். ஏழாம் வரியில், 'இது ஃபங்ஷன் இல்லை', அதாவது இந்தப் பெயரில் அழைக்கக்கூடிய செயல்கூறு இல்லை என்று நின்றுவிட்டது. தவறு என்னுடையது என்றே நினைத்தேன். அடைப்புக்குறிகளை எண்ணினேன். தொகுப்பை அழித்து மறுபடி நிறுவினேன். நிரலை ஓட்டும் நோட் என்ற மென்பொருளின் பதிப்பைக்கூட மாற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் போன பிறகு, எப்போதோ முடித்து மூடப்பட்ட ஒரு புகாரின் பதினான்காவது பதிலில் விடை கிடைத்தது. முந்தைய பதிப்பிலேயே அந்த ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டார்களாம். ஆவணத்தில் மட்டும் பழைய பெயரே இருந்திருக்கிறது.

அந்தக் காலப் புத்தகங்களில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு தாளைப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். அச்சேறிய ஆயிரம் பிரதியைத் திரும்ப வாங்க முடியாது, அதனால் அந்தத் தாள். இணையத்தில் இருக்கும் ஆவணத்துக்கு இந்தச் சாக்கும் கிடையாது.

இத்தனைக்கும், எடுத்துக்காட்டுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள்கூட வேண்டியதில்லை, கணினியே பார்த்துவிடும். பைத்தான் மொழியில் 'டாக்டெஸ்ட்' என்ற வசதி 2001-லிருந்து இருக்கிறது. விளக்கத்துக்குள் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டி, விடை பொருந்துகிறதா என்று அது பார்க்கும். ரஸ்ட் மொழியில் சோதனைகளை ஓட்டினால் ஆவணத்தில் உள்ள நிரல் துண்டுகளும் கூடவே ஓடும். கோ மொழியில் எடுத்துக்காட்டின் அடியில் எதிர்பார்க்கும் விடையை எழுதிவைத்தால் போதும், ஒப்பிட்டுச் சொல்லிவிடும். நான் புழங்கும் இணையக் கருவிகளில் பலவற்றில் எடுத்துக்காட்டுகள் மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கின்றன. நிரலுக்கு நூற்றுக்கணக்கில் சோதனை எழுதுகிறவர்கள், எல்லாரும் முதலில் நகலெடுக்கும் அந்தப் பதினொரு வரியை விட்டுவிடுகிறார்கள். அதைத் தனிக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டி, ஆவணப் பக்கம் அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக் காட்டும்படி செய்யலாம். ஒரு நாள் வேலை.

கருவிகள் மாறக் கூடாது என்று சொல்ல வரவில்லை. இணைய சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் என்ற கருவியின் நான்காம் பதிப்பில் எல்லா முகவரிகளையும் பிடிக்க ஒற்றை நட்சத்திரக் குறி போதுமாயிருந்தது. 2024-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த நட்சத்திரத்துக்கு ஒரு பெயரும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சர்வர் எழும்பவே எழும்பாது. ஆனால் பழையதையும் புதியதையும் அருகருகே காட்டி, மாறுவதற்கென்றே ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார்கள். இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவியின் குழுவினர் 2023 மார்ச்சில் ஆவணத்தைப் புதிதாக எழுதி வெளியிட்டபோது பழையதை அழிக்கவில்லை. அதை வேறு முகவரிக்கு மாற்றி, இது பழையது என்று மேலேயே எழுதிவைத்தார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். இந்த எடுத்துக்காட்டு எந்தப் பதிப்புக்கு உரியது என்று தெரிந்துவிட்டால் மூன்று மணி நேரம் மிச்சம்.

ஓடாத எடுத்துக்காட்டாவது ஓடவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டே கெடுப்பது இன்னொரு வகை. தளங்கள் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தகவல்களான குக்கிகளில், போலியைக் கண்டுபிடிக்கக் கையொப்பமிடும் ஒரு தொகுப்பின் ஆவணத்தில், ரகசியச் சொல் வர வேண்டிய இடத்தில் நெடுங்காலமாக 'கீபோர்டு கேட்' என்று இருக்கிறது. விளையாட்டாக வைத்த பெயர்தான். வேறு ஆட்கள் எழுதி என் கைக்கு வந்த இரண்டு தளங்களில் இதே சொல்லை மாறாமல் பார்த்தேன். ஒன்று பணம் வாங்கும் தளம். உலகத்துக்கே தெரிந்த ரகசியத்தில் கையொப்பமிட்டால் யாரும் அதைப் போலியாக இட்டுவிடலாம். மாற்றாமல் விட்டவர்களின் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் சொல்லையே எழுதாமல், நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பான சூழல் மாறியிலிருந்து படிக்கும்படியும் அது இல்லையென்றால் நிரல் நின்றுவிடும்படியும் எழுதிக் காட்டியிருந்தால், சோம்பேறி நகலெடுத்தாலும் பிழை வராது. நகலெடுப்பவன் சோம்பேறி என்று வைத்துக்கொண்டுதான் எடுத்துக்காட்டு எழுத வேண்டும். (நானும் அந்தச் சோம்பேறிகளில் ஒருவன்.)

முதலில் சொன்ன தொகுப்புக்குத் திரும்புகிறேன். கோபம் தணிந்த மறுநாள் நிரல்களைப் பகிர்ந்து திருத்தும் தளமான கிட்ஹப்பில் ஏழாம் வரியைத் திருத்தி அனுப்பினேன். தானியங்கிச் சோதனைகள் இரண்டு நிமிடத்தில் பச்சை காட்டின. அவைதான் அந்த வரியைப் பார்ப்பதே இல்லையே. பதினொரு நாள் கழித்துப் பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. 'நன்றி. எந்தப் பதிப்பிலிருந்து இது பொருந்தும் என்பதையும் மேலே ஒரு வரி சேர்க்க முடியுமா?' சேர்த்தேன். அன்று மாலையே ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு இருபத்தாறு திருத்தங்கள் அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலும் விட்டுப்போன கமா, மாறிய பெயர், பிற நிரலை உள்ளே கொண்டுவர மேலே சேர்க்க மறந்த இம்போர்ட் வரி. கருவிகளின் உள்நிரலில் ஒரு வரிகூட எழுதியதில்லை. உங்கள் கட்டுரையின் கணக்குப்படி நான் இன்னும் பங்களிக்கத் தகுதி பெறவில்லை. கடைசியாக அனுப்பிய திருத்தம் ஆறு நாளாகக் காத்திருக்கிறது, ஓர் அடைப்புக்குறி.

இப்படிக்கு,
முன்னாள் மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்