தன்முனைப்பு முகாமுக்குப் பதிலா ஒரு கதையும் ஒரு உருமியும் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பள்ளி லீவு நெருங்குது, எங்க தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குரூப்புல பிள்ளைங்களுக்கான தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாம் போஸ்டர் ஒன்னு மாத்தி ஒன்னு வர ஆரம்பிச்சிருச்சு, அதைப் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன். முகாம் நடத்துறவங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, நல்ல எண்ணத்துலதான் நடத்துறாங்க, சாப்பாடு போட்டு டீசட்டை குடுத்து பிள்ளைங்களை பத்திரமா பாத்துக்கிறாங்க. ஆனா உள்ள நடக்குறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

என் மகள் நாலாம் ஆண்டு படிக்கிறப்ப ஒரு முகாமுக்கு அனுப்பினேன். காலையிலேர்ந்து ஸ்லைடு போட்டு பேச்சு, வெற்றி, இலக்கு, கனவு, திரும்பவும் வெற்றி. சாயங்காலம் மண்டபத்துல லைட்டையெல்லாம் அணைச்சிட்டு ஸ்பீக்கர்ல சோகமா ஒரு இசைய ஓடவிட்டு, கண்ண மூடுங்க, உங்க அம்மா இப்ப உயிரோட இல்லன்னு நெனச்சுக்குங்கன்னு மைக்குல சொல்லியிருக்காங்க. மண்டபம் முழுக்க பிள்ளைங்க தேம்பித் தேம்பி அழுதுச்சாம். அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு நான் வேலைக்கு கெளம்பும்போதெல்லாம் அவ என் பையைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டா. இசைக்கு என்ன சக்தின்னு தெரியாம இதை செய்யல, நல்லா தெரிஞ்சுதான் செய்றாங்க. இருட்டு, பாட்டு, ஒரு கதை, இந்த மூனும் சேர்ந்தா பிள்ளையோட மனசு தானா தொறந்துக்கும். அப்படித் தொறந்த மனசுக்குள்ள கொண்டுபோய் பயத்தைப் போடலாமாங்கிறதுதான் என் கேள்வி.

நான் பிறையில ஒரு கோவில்ல ஞாயித்துக்கிழமை சமய வகுப்பு எடுக்கிறேன். நவராத்திரியில ஒரு நாள் ராத்திரி நிகழ்ச்சி எங்க வகுப்புக்குன்னு கமிட்டி குடுத்தாங்க. வழக்கமா தேவாரம் ஒப்பிக்கிறது, ஒரு டான்ஸ், பரிசு, அவ்வளவுதான் இருக்கும். இந்த தடவை கதை சொல்லலாம்னு எங்க டீச்சர் ஒருத்தவங்க சொன்னாங்க. சாங் கஞ்சில் கதை, மலாய் பாடத்துல எல்லா பிள்ளையும் படிச்சதுதான், ஆத்துக்கு அந்தப் பக்கம் பழம் பழுத்துத் தொங்குது, குட்டியூண்டு சருகுமான், ஆறு முழுக்க முதலை, ராஜா உங்களை எண்ணிட்டு வரச் சொன்னாருன்னு புளுகி முதலைங்களை வரிசையா நிக்க வெச்சு முதுகு மேலயே தாண்டித் தாண்டி அக்கரைக்குப் போயிரும். கதை புதுசு இல்ல. ஆனா எங்க தாமான் உருமி மேளத்துப் பசங்க மூனு பேரை நான் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சேன், ஒருத்தன் உருமி, ஒருத்தன் பம்பை, இன்னொருத்தன் கையில ஜால்ரா.

உருமி வாசிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கீங்களா ஐயா? ஒரு பக்கம் மெல்லிசு குச்சியால அடிப்பாங்க, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சிய தோல் மேல வெச்சு தேய்ப்பாங்க, அப்ப வயித்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஒரு உறுமல் வரும். டீச்சர் "தண்ணி அசையுது"ன்னு சொல்லிட்டு நிறுத்தினாங்க, அந்தப் பையன் அடிக்கவே இல்ல, சும்மா லேசா தேச்சான். முன்வரிசையில இருந்த பொடிசுங்க எல்லாம் காலைத் தூக்கி மடக்கி உக்காந்துக்கிச்சுங்க, சிமெண்டுத் தரையில தண்ணி வந்துருச்சுன்னே நெனச்சிருச்சுங்க! அப்புறம் ஒவ்வொரு முதலை முதுகுலயும் சாங் கஞ்சில் குதிக்கும்போது பம்பையில ஒரு அடி, பிள்ளைங்க கத்தி எண்ணனும், ஒன்னு, ரெண்டுன்னு. ஏழாவது முதலை கண்ணைத் தொறந்துருச்சுன்னு சொல்லி டீச்சர் வாயை மூடிக்கிட்டாங்க, மேளமும் நின்னுருச்சு. இப்ப என்ன பண்றதுன்னு பிள்ளைங்கதான் சொல்லணும். எங்க வகுப்புல ஒரு பையன் இருக்கான், பேரைக் கேட்டாலே அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவான். அவன் எந்திரிச்சு, அதுக்கு ஒரு தாலாட்டு பாடுங்க டீச்சர் தூங்கிரும்னு சொன்னான். யாரும் சொல்லிக்குடுக்கல. பின்னாடி உக்காந்திருந்த ஒரு பாட்டி உடனே ஆராரோன்னு ஆரம்பிச்சாங்க, ஜால்ரா பையன் மெதுவா தட்டினான், முதலை தூங்கிருச்சு. அந்தப் பிள்ளை மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். தன்னால முடியும்னு அவனுக்கு ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டியதே இல்லாம போச்சு.

இது ஒன்னும் புது கண்டுபிடிப்பு இல்ல. நம்ம வில்லுப்பாட்டே இப்படித்தானே இருக்கு, பெரிய வில்லு, அதுல மணி, வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், முக்கியமா பக்கத்துல உக்காந்து "ஆமா" போடுறவரு. அந்த ஆமா போடுறவருதான் எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா கேக்குறவங்க மனசுல வர்ற கேள்விய அவருதான் கேப்பாரு. திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கத்து கோவில் கொடைகள்ல இருந்த அந்தக் கலையை ரேடியோ டிவி வரைக்கும் கொண்டு போன சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அடுத்த வருஷமே 2022ல அவரு தவறிட்டாரு. வாரியார் சுவாமிகளையும் சொல்லணும், கதைக்கு நடுவுல திருப்புகழ் பாடுவாரு, முன்னாடி உக்காந்திருக்கிற பொடிப்பசங்ககிட்ட கேள்வி கேப்பாரு, பிள்ளைங்க பதில் சொல்லும்போது பெரியவங்க கூட்டமே சிரிக்கும். பிள்ளைக்கு தனி நிகழ்ச்சி பெரியவங்களுக்கு தனி நிகழ்ச்சின்னு பிரிச்சு வெச்சதெல்லாம் நாம பின்னாடி பண்ணிக்கிட்டதுதான். எங்க தாத்தா கெடாவுல ரப்பர் தோட்டத்துல இருந்தவரு, மாரியம்மன் திருவிழாவுக்கு உடுக்கை அடிச்சு பொன்னர் சங்கர் கதை படிப்பாங்களாம், காலையில பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகணும்னாலும் லயத்து வீடுகள்ல யாரும் தூங்கமாட்டாங்கன்னு சொல்லுவாரு.

நம்மகிட்ட மட்டும்தான்னும் இல்ல. 1936ல மாஸ்கோவுல பிள்ளைங்களுக்கான நாடக அரங்கத்துக்காக புரோகோஃபீவ்ங்கிற இசையமைப்பாளர் ஒரு கதை எழுதி அதுக்கு இசையும் போட்டாரு, ஒருத்தர் கதை சொல்லுவாரு, கதையில வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கருவி, குருவின்னா புல்லாங்குழல், வாத்துன்னா ஓபோ, பூனைன்னா கிளாரினெட், ஓநாய் வந்தா மூனு ஹார்ன் சேர்ந்து வரும். கொஞ்ச நேரத்துலயே பிள்ளை சத்தத்தை வெச்சே யாரு வர்றாங்கன்னு சொல்லிரும். இத்தனை வருஷம் கழிச்சும் உலகம் முழுக்க இதை வாசிக்கிறாங்க. நமக்கு நாதஸ்வரத்துல யானை வரலாம், கடத்துல மழை வரலாம், உருமி இருக்கே புலிக்கு! யாராவது படிச்ச இசைக்காரங்க உக்காந்து யோசிச்சா எவ்வளவு செய்யலாம். பினாங்குல பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க போரியாங்கிற பாட்டு நாடகத்தை விடாம வெச்சிருக்காங்க பாருங்க, முதல்ல ஒரு சின்ன நாடகம், அப்புறம் துக்காங் காராங்ங்கிற முன்பாட்டுக்காரரு பாட்டைக் கட்டிப் பாட மத்தவங்க திருப்பிப் பாடுவாங்க, அதுவும் மெட்ராஸ் படையோட இங்க வந்த முஸ்லிம் சிப்பாய்ங்க கொண்டு வந்ததுன்னுதான் சொல்றாங்க. அவங்க வெச்சுக்கிட்டாங்க, நாமதான் விட்டுட்டோம்.

இப்ப அந்த உருமி பசங்க விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதை எழுதியே ஆகணும். மேளத்துப் பசங்கன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு மாதிரி பார்வை, படிக்காதவனுங்க, தைப்பூசத்துல ஆட்டம் போடுறவனுங்கன்னு. எங்க கமிட்டியிலயே ஒரு அண்ணன், பிள்ளைங்க நிகழ்ச்சிக்கு இவனுங்க எதுக்கும்மான்னு கேட்டாரு. அன்னிக்கு ராத்திரி உருமி வாசிச்ச பையன் ஃபாக்டரியில ஷிப்ட் வேலை பாக்குறான், கையில காசு வாங்கல, நிகழ்ச்சி முடிஞ்சு பொடிசுங்க சுத்தி நின்னு அண்ணே அண்ணே நான் ஒரு தடவை அடிக்கவான்னு கேட்டப்ப ஒவ்வொன்னா மடியில உக்கார வெச்சு குச்சி புடிக்க சொல்லிக்குடுத்தான். போகும்போது என்கிட்ட வந்து, அக்கா அடுத்த தடவை கதையை முன்னாடியே குடுங்க, நான் வீட்டுல பழகிட்டு வரேன்னான். அவனை ஒரு மேடையில ஒக்கார வெச்சு மரியாதையா ஒரு வேலை குடுத்தது அவனுக்கே அதுதான் மொதல் தடவையாம். தன்முனைப்புன்னு எதைத்தான் சொல்றோம் நாம?

பள்ளிகள்ல கதை சொல்லும் போட்டி இருக்கேன்னு யாராவது எழுதுவாங்க, இருக்கு, ஆனா ஆசிரியர் எழுதிக் குடுத்ததை பிள்ளை மனப்பாடம் பண்ணி கையை எப்ப தூக்கணும் எப்ப அழணும்னு பழகிட்டு வருது, மார்க் உச்சரிப்புக்கும் பாவனைக்கும் போயிருது. கற்பனைக்கு அதுல எடம் ரொம்பக் கம்மி.

பினாங்குல மட்டும் 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு ஆரம்பிச்ச ஊரு இது. 1981ல கோலாலம்பூர்ல ஆரம்பிச்ச டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்ங்கிற இசை நாட்டியப் பள்ளி இங்கயும் இருக்கு, கத்துக்கிட்டவங்களுக்குப் பஞ்சமில்ல. ஆனா டிக்கெட் வாங்கி கார்ல போய்ப் பாக்குற நிகழ்ச்சி எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது, பிலாட்டுல இருக்கிற பிள்ளைக்கு படி இறங்கினா எட்டுற தூரத்துல இருக்கணும். கோவில் மண்டபம்தான் அதுக்கு சரி, ஃபேன் இருக்கு, பாய் இருக்கு, நவராத்திரிக்கு ஒன்பது ராத்திரி இருக்கு, அதுல ஒன்னே ஒன்னை கதைக்குன்னு எல்லா கமிட்டியும் ஒதுக்கி வெக்கணும்னு இந்தக் கடிதம் மூலமா கேட்டுக்கிறேன். மைக்கு ஒன்னு போதும், பெரிய ஸ்பீக்கர் வேணாம், உருமி சத்தமே மண்டபத்துக்குப் போதும். பெரியவங்களையும் பின்னாடி நாற்காலியில விடாம பாயில சேர்த்து உக்கார வைங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரங்க முகாமுக்கு ஒதுக்குற காசுல பாதிய வாசிக்கிற பசங்களுக்கு சம்பளமா குடுங்க, சும்மா வந்து வாசிச்சிட்டுப் போன்னு சொல்லாதீங்க.

உங்க பத்திரிகைக்கும் ஒரு கோரிக்கை ஐயா. ஞாயிறு மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கதை போடுறீங்க, ரொம்ப சந்தோஷம், என் வகுப்புல அதைத்தான் வாசிக்க வெக்கிறேன். அந்தக் கதையில எந்த எடத்துல தாளம் தட்டலாம், எந்த எடத்துல நிறுத்தி பிள்ளைய கேக்கலாம்னு ஓரத்துல சின்னதா ஒரு குறிப்பு போட்டுக் குடுத்தீங்கன்னா, மேளம் கிடைக்காத வீட்டுல கூட ஒரு மைலோ டின்ன கவுத்துப் போட்டு அப்பாவோ தாத்தாவோ சொல்லிருவாங்க. முடியும்னா லீவுக்கு முன்னாடியே ஆரம்பிங்க.

இப்படிக்கு,
சமய வகுப்பு ஆசிரியை ஒருவர்,
பிறை, பினாங்கு.