சனத்தொகை போதாது என்று எங்கள் பஸ்ஸை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எமது பகுதி பஸ் டிப்போவின் முகாமையாளர் அவர்களுக்கும், பிரதேச சபையின் தவிசாளர் அவர்களுக்கும் வணக்கம்.

நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேற்பிரிவு மக்களாகிய நாங்கள், நிறுத்தப்பட்ட இரண்டு மணி பஸ்ஸை மீண்டும் ஓடச் செய்யுமாறு கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் பதில் கிடைத்தது. எங்கள் பிரிவின் சனத்தொகை ஒரு பஸ் சேவைக்குப் போதாது என்று அதில் எழுதியிருந்தது. மற்றவற்றைத் தாங்கள் நன்கு அறிவீர்கள் என்பதால், அந்த ஒரு காரணத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம்.

அந்தப் பாதையில் எங்கள் பிரிவு மட்டும் இல்லை. கீழே இரண்டு பிரிவுகளும் மலை முகட்டில் ஒரு சிங்களக் கிராமமும் அதே பஸ்ஸைத்தான் நம்பியிருந்தன. அவர்களை யார் எண்ணினார்கள்? எங்கள் பிரிவில் ஆட்கள் குறைந்தது உண்மைதான். உயர்தர வகுப்புக்கு நகரத்துக்குப் போன பிள்ளைகள் பாடசாலை விட்டதும் வீடு திரும்ப வழியில்லாமல் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பஸ் நின்ற பிறகுதான் லயங்களில் பூட்டிய காம்பராக்கள் பெருகின. பஸ்ஸை நிறுத்தியதால் குறைந்த தொகையையே, பஸ் விடாததற்குக் காரணமாகக் காட்டுவது நியாயமா?

கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண் வந்தது. காலை ஊன்றி நடக்கக் கூடாது என்றும், ஒன்றுவிட்ட ஒரு நாள் வந்து மருந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். காலை பஸ்ஸில் இறங்கிப் போகலாம். மருந்து கட்டியபின் திரும்பி வர ஐந்து கட்டை தூரம் ஏற்றம். மாலை பஸ்ஸோ இருட்டுகிற நேரத்தில் வந்து, சந்தியோடு திரும்பிவிடுகிறது. ஆட்டோவுக்குக் கேட்கும் காசு, மருமகளின் ஒரு நாள் சம்பளத்தையும் தாண்டும். சில நாட்கள் ஆட்டோவில் வந்தார், சில நாட்கள் நடந்தார், பிறகு போவதையே நிறுத்திக்கொண்டார். இன்று அவருடைய காலில் இரண்டு விரல்கள் இல்லை. தங்கள் கணக்கில் அவரும் ஓர் ஆள்தான், ஐயா.

பாதை பஸ்ஸுக்கு உகந்ததல்ல என்றும் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கொழுந்து லொறி மழையிலும் பனியிலும் நாள்தோறும் அதே பாதையில் ஏறி இறங்குகிறது. இந்த மலைநாட்டில் தேயிலை போவதற்கு எப்போதும் வழி இருந்திருக்கிறது. 1885ஆம் ஆண்டிலேயே நானுஓயாவுக்கு ரயில் வந்துவிட்டது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பாதை என்றால் மட்டும் அது தோட்டத்துக்குச் சொந்தம், சபைக்குச் சொந்தமில்லை என்ற பேச்சு எழுகிறது. தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாகக் காட்டப்பட்டு வந்த, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதே! வாக்குக் கேட்டு வரும்போது ஒரு வாகனமும் இந்தப் பாதையில் நின்றுபோனதில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளவும். நாங்கள் கேட்பது இரண்டு மணி பஸ் ஒன்றைத்தான். வருமானம் போதாது என்றால், அத்தகைய கிராமியப் பாதைகளுக்கென்றே தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ‘கெமி சரிய’ மானியத் திட்டம் இருக்கிறது. எங்கள் பாதையை அதற்குப் பரிந்துரைக்குமாறு முகாமையாளர் அவர்களை வேண்டுகிறோம். பாடசாலைக்கு மேலே உடைந்து கிடக்கும் பகுதியை மழைக்காலத்துக்கு முன் செப்பனிட்டுத் தருமாறு தவிசாளர் அவர்களை வேண்டுகிறோம். அதுவரை, கிளினிக் நடக்கும் நாட்களிலாவது இரண்டு மணி பஸ்ஸை மேற்பிரிவு வரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மேற்பிரிவு மக்கள் சார்பில்,
அதே பிரிவில் வாழும் ஓர் ஆசிரியர்