‘ஹேட்ச்’ கட்டளையில் விடுபட்ட மேற்கோள் குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், பொழுதுபோக்கு வலையமைப்புகளில் கோப்புகளைப் பரப்புவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். ஃபிடோநெட்டைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அதில் அச்சாகியிருந்த ஹேட்ச் கட்டளையில் ஒரு பிழை இருக்கிறது. பார்ப்பதற்குச் சின்னப் பிழைதான். அதை அப்படியே தட்டச்சு செய்தால் வரும் வினை, செய்தவரின் கணினியோடு நிற்காது என்பதால் இதை எழுதுகிறோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சிறு முன்னுரை. 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டில் மைய சர்வர் என்று ஒன்று கிடையாது. அன்று நிலையங்கள், அதாவது ஆர்வலர்கள் நடத்தும் கணினிகள், ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்து அஞ்சலும் கோப்பும் மாற்றிக்கொண்டன. இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே, பிங்க்பி நெறிமுறையில், 24554 என்ற போர்ட்டில் பேசிக்கொள்கின்றன. ஒரு கோப்பு ஏதாவது ஒரு நிலையத்தில் வலையமைப்புக்குள் நுழைகிறது. அங்கிருந்து அந்த நிலையத்தோடு இணைந்தவர்களுக்கு, பிறகு அவர்களோடு இணைந்தவர்களுக்கு என்று கைமாறிக்கொண்டே போகிறது. ஒரே வகைக் கோப்புகள் இப்படிப் போகும் வழிக்கு ஃபைல் எக்கோ என்று பெயர். கோப்பை முதலில் நுழைக்கும் செயல்தான் ஹேட்ச். வந்ததைப் பிரித்து உரிய இடத்தில் வைத்து அடுத்தவருக்கு அனுப்புவது டாஸ். ஹஸ்கி என்ற ஃபிடோநெட் மென்பொருள் தொகுப்பில் உள்ள ஹெச்டிக் என்ற கட்டளை வரிக் கருவி இரண்டையும் செய்யும். கட்டுரை பேசியதும் அதைப் பற்றியே.

இனி பிழைக்கு வருவோம். ஹேட்ச் என்ற சொல்லுக்குப் பின் கோப்பின் பெயர், அதன் பின் எக்கோவின் பெயர், பிறகு ‘ரிப்ளேஸ்’ என்ற சொல், அதையடுத்து எந்தப் பழைய கோப்புகளை நீக்கவேண்டும் என்று சொல்லும் மாஸ்க், கடைசியில் ‘டெஸ்க்’ என்ற சொல்லும் விவரிப்பும் வரவேண்டும். வரிசையைக் கட்டுரை சரியாகவே தந்திருக்கிறது. உதாரணமாக எடுத்துக்கொண்ட நோடுலிஸ்ட்டும் நல்ல உதாரணம்தான். வலையமைப்பின் எல்லா நிலையங்களும் அடங்கிய முகவரிப் பட்டியல் அது, வாரந்தோறும் வெளியாகும். ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்தான் அதன் பின்னொட்டு. 52-ஆம் நாள் பட்டியலை ஜிப் செய்தால் பின்னொட்டு ‘இசட்52’ ஆகிவிடும். ஆகவே பழையதை நீக்கும் மாஸ்க்கில் ‘இசட்’ எழுத்துக்குப் பின் இரண்டு கேள்விக்குறிகள் வருகின்றன; ஒவ்வொன்றும் ‘இங்கே எந்த எழுத்தும் இருக்கலாம்’ என்று பொருள்படும். கட்டுரையில் அந்த மாஸ்க்கைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை.

லினக்ஸ் போன்றவற்றில் கேள்விக்குறியை முதலில் பார்ப்பது ஹெச்டிக் அல்ல, நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி நிரலிடம் கொடுக்கும் ஷெல். நடப்பு அடைவில் அந்த வடிவத்துக்குப் பொருந்தும் கோப்பு ஏதாவது இருந்தால், மாஸ்க்கை எடுத்துவிட்டு அந்தப் பெயர்களை நிரப்பித்தான் ஹெச்டிக்கிடம் கொடுக்கும். இசட்45, இசட்52 இரண்டும் அங்கே கிடந்தால் ஒரு மாஸ்க் இரண்டு சொற்களாகிவிடும்; இரண்டாவது சொல் இருக்கக்கூடாத இடத்தில் போய் உட்காரும். இந்தக் குளறுபடி கவனித்துப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். புதிய இசட்52 மட்டும் அங்கே இருக்கும் நிலைதான் மோசம். மாஸ்க் அந்த ஒரே பெயராகச் சுருங்கிவிடும். கட்டளை வெற்றிகரமாக முடியும். கோப்பும் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆனால் ‘இசட்52 வந்தால் பழைய இசட்52-ஐ நீக்கு’ என்ற பயனற்ற உத்தரவுதான் அதனோடு போயிருக்கும். பழைய பட்டியல்கள் அத்தனை நிலையங்களிலும் வாரம் ஒன்றாகக் குவியும். யாருக்கும் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

விண்டோஸின் கட்டளைச் சாளரம் மாஸ்க்கை இப்படி விரிப்பதில்லை. அதில் சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். கட்டுரையாளரைக் குறைசொல்ல நாங்கள் எழுதவில்லை. ஆனால் இன்று இத்தகைய நிலையங்களை லினக்ஸில், அதிலும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினிகளில் நடத்துபவர்கள் ஏராளம். அவர்கள் மாஸ்க்கை மேற்கோள் குறிக்குள் போட்டே தீரவேண்டும்.

மாஸ்க்கை அகலமாகப் போடுவது இதைவிட ஆபத்து. ‘ஜிப் கோப்புகள் எல்லாம்’ என்று பொருள்படும்படி ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டால், அந்த உத்தரவை மதிக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அந்த எக்கோவின் ஜிப் கோப்புகள் மொத்தமும் போய்விடும். திரும்பப் பெறுவதற்கு இந்த வலையமைப்பில் வழி கிடையாது. அனுப்பிய கோப்பை ரத்து செய்யும் கட்டளை என்று ஒன்று இல்லை. திருத்தப்பட்ட இன்னொரு கோப்பைப் பின்னாலேயே அனுப்பலாம், அவ்வளவுதான். எல்லா நிலையங்களும் ரிப்ளேஸ் உத்தரவை ஏற்பதும் இல்லை. ஆகவே அந்தத் திருத்தம்கூட எல்லா இடத்திலும் பழையதை அகற்றிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

இதே நோடுலிஸ்ட்டுக்கு நோடுடிஃப் என்று ஒரு துணை உண்டு. போன வாரப் பட்டியலுக்கும் இந்த வாரப் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதில் இருக்கும். அதன் முதல் வரி, எந்தப் பட்டியலின்மேல் அதைப் பொருத்தவேண்டுமோ அந்தப் பட்டியலின் முதல் வரியேதான். அதற்குக் கீழே ‘இத்தனை வரி நகலெடு, இத்தனை வரி நீக்கு, இத்தனை வரி சேர்’ என்ற கட்டளைகள். ஒரு வாரத்தின் நோடுடிஃப் விடுபட்டுப்போனால், அடுத்த வாரத்தது முதல் வரியிலேயே பொருந்தாமல் நின்றுவிடும். ஆகவே முழுப் பட்டியலுக்கு ரிப்ளேஸ் போடுவது சரி; நோடுடிஃப்புக்குப் போடவேண்டாம் என்பது எங்கள் கருத்து. சில வாரத்து நோடுடிஃப்கள் நிலையங்களில் கிடக்கட்டும். பின்தங்கியவர் அவற்றை வரிசையாக எடுத்துப் பொருத்தி மேலே வந்துவிடுவார்.

கட்டளையை இயக்கியதும் உடனே, மற்ற நிலையங்களோடு பேசிக் கோப்புகளை அனுப்பும் அஞ்சல் நிரலை அழைக்கச் சொல்கிறது கட்டுரை. அழைப்பதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கி ஹெச்டிக் உருவாக்கிய டிக் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்போடு கூடவே பயணம் செய்யும் சீட்டு அது. வெறும் எழுத்துக் கோப்பு. எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும். ‘ஏரியா’ வரியில் எக்கோவின் பெயர். ‘ஒரிஜின்’ வரியில் கோப்பை முதலில் நுழைத்தவரின் முகவரி. ‘ஃப்ரம்’ வரியில் இப்போது கைமாற்றுபவர். ‘ஃபைல்’ வரியில் எட்டு எழுத்தும் மூன்று எழுத்துப் பின்னொட்டுமாகக் கோப்பின் பெயர். ‘ரிப்ளேசஸ்’ வரியில் மாஸ்க். அங்கே கேள்விக்குறிகள் அப்படியே இருக்கின்றனவா, ஷெல் விழுங்கிவிட்டதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ‘சைஸ்’ வரியில் பைட் கணக்கு. ‘சிஆர்சி’ வரியில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 32 பிட் சரிபார்ப்பு எண், எட்டுப் பதினறும இலக்கங்களில். ‘பாத்’ வரிகள் கோப்பு வந்த வழியைச் சொல்லும். ‘சீன்பை’ வரிகள் யார் யாருக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று சொல்லும். அதைப் பார்த்துத்தான் ஒரே கோப்பு சுற்றிச் சுற்றி வராமல் நிரல் தடுக்கிறது. ‘பிடபிள்யூ’ வரியில் கடவுச்சொல். பிழை கண்ணில் பட்டால் சீட்டைக் கையால் திருத்த வேண்டாம். சீட்டையும் அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் உள்ள பதிவையும் நீக்கிவிட்டு மறுபடி ஹேட்ச் செய்யுங்கள். கையால் திருத்தினால் ஓர் இணைப்புக்கான, அதாவது நம்மோடு இணைந்த ஒரு நிலையத்துக்கான, சீட்டு மட்டும்தான் மாறும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிச் சீட்டு இருக்கிறது.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியவை சில உண்டு. ஜிப் கோப்பை அன்ஜிப் நிரலின் சோதனைத் தேர்வால் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். கோப்பைத் தனியாக ஒரு அடைவில் வைத்து அங்கிருந்து ஹேட்ச் செய்யவேண்டும். இன்னும் எழுதி முடியாத கோப்பை ஹேட்ச் செய்தால் அரைகுறைக் கோப்புக்குக் கச்சிதமான சிஆர்சி போட்டு அனுப்பிவிடும். அடுத்த நிலையத்தில் எண் சரியாகவே இருக்கும், கோப்புதான் உடைந்திருக்கும். பெயரைச் சிறிய எழுத்தில், எட்டு–மூன்று வரம்புக்குள் வையுங்கள். சீட்டில் பெரிய எழுத்தும் வட்டில் சிறிய எழுத்துமாக இருந்தால் லினக்ஸ் அவை இரண்டையும் வேறு வேறு பெயர்களாகத்தான் பார்க்கும். சில நிரல்கள் தாமே சமாளித்துக்கொள்ளும், சில கோப்பைக் காணோம் என்று சீட்டை ஒதுக்கிவிடும். அமைப்புக் கோப்பில் எதையாவது மாற்றியிருந்தால் ஹஸ்கியோடு வரும் டிபார்சரை ஓட்டிப் பாருங்கள். எழுத்துப் பிழைகளை வரி எண்ணோடு காட்டும்.

பெறுபவர் பக்கம் வரும் தொல்லைகளில் அதிகம் காண்பது கடவுச்சொல் குழப்பம். இரண்டு நிலையங்கள் பேசத் தொடங்கும்போது கேட்கும் கடவுச்சொல் வேறு. டிக் சீட்டுக்குள் இருக்கும் கடவுச்சொல் வேறு. எக்கோக்களில் சேரவும் விலகவும் ஃபைல்ஃபிக்ஸ் என்ற தானியங்கி நிரலுக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில் போடும் கடவுச்சொல் இன்னொன்று. ஹஸ்கியின் அமைப்பில் மூன்றையும் ஒரே வரியிலும் கொடுக்கலாம், தனித்தனியாகவும் கொடுக்கலாம். ஒருவர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவரிடம் சொல்லாமல் இருந்தால், அஞ்சல் வழக்கம்போல் போய்வந்துகொண்டிருக்கும். கோப்பு மட்டும் ஓசையில்லாமல் நின்றுபோகும். அப்போது, வந்த கோப்புகள் சேரும் இன்பவுண்ட் அடைவைப் பாருங்கள். ஹெச்டிக் ஏற்காத சீட்டின் பின்னொட்டை மாற்றி வைத்துவிடும். ‘செக்’ என்று முடிந்தால் பாதுகாப்புச் சிக்கல், பெரும்பாலும் கடவுச்சொல். ‘பேட்’ என்று முடிந்தால் சீட்டிலோ கோப்பிலோ கோளாறு. காரணம் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும். காரணத்தைத் தீர்த்தபின் பின்னொட்டைப் பழையபடி ‘டிக்’ ஆக்கி மறுபடி டாஸ் செய்தால் போதும், கோப்பை மறுபடி அனுப்பச் சொல்லவேண்டியதில்லை.

சிஆர்சி பொருந்தவில்லை என்றால் சோதனையையே நிறுத்திவிடும் தேர்வு ஒன்று ஹெச்டிக்கில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடவேண்டாம். எண் பொருந்தாததற்குப் பெரும்பாலும் உண்மையான காரணம் இருக்கும்: வட்டில் இடமில்லாமல் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது இடையில் ஏதோ ஒரு நிரல் வரி முடிவுகளை மாற்றியிருக்கும். சோதனையை நிறுத்தினால் உடைந்த கோப்பை நீங்களே உங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுப்புகிறீர்கள்.

அஞ்சல் நிரல் ஒரு பயனர் பெயரிலும் ஹெச்டிக் இன்னொரு பயனர் பெயரிலும் ஓடினால், வந்த கோப்பை நகர்த்த அனுமதி இருக்காது. இரண்டையும் ஒரே பயனரின்கீழ் ஓட்டுவதே எளிய தீர்வு. மின்சாரம் போய் வந்தபின் ஒரே ஒரு இணைப்புக்கு மட்டும் எதுவும் போகவில்லை என்றால், அனுப்பவேண்டியவை காத்திருக்கும் அவுட்பவுண்ட் அடைவில் ‘பிஸி’ பூட்டுக் கோப்பு மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் புதிராக இருக்கும்: வலை எண்ணும் நிலைய எண்ணும் பதினறும இலக்கத்தில் நான்கு நான்காக வரும். 256/16 என்ற முகவரிக்கு அது 01000010. எந்த நிரலும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அதை நீக்கவேண்டும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டை நீக்கினால் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் அனுப்பு வரிசையில் எழுதிச் சீட்டுகளைத் தொலைத்துவிடும்.

விவரிப்பைத் தமிழிலேயே எழுதலாம் என்று கட்டுரை சொல்கிறது. விருப்பம் எங்களுக்கும் அதுவே. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘கோப்பு’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ககரம், ஓகாரக் குறி, பகரம், புள்ளி, பகரம், உகரக் குறி என ஆறு குறியீடுகள், 18 பைட். ஜிப்புக்குள் வைக்கும் விவரக் கோப்பு 10 வரி, வரிக்கு 45 எழுத்து என்பது பழைய மரபு. பழைய நிரல்கள் 45 என்பதைப் பைட்டாகவே எண்ணும். தமிழில் அது 15 குறியீட்டோடு தீர்ந்துவிடும். வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் வரியின் கடைசியில் குப்பைக் குறிகள்தான் தெரியும். சுருக்க விவரிப்பை நாலைந்து ஆங்கிலச் சொற்களிலும், தமிழ் விளக்கத்தை நீள விவரிப்பு வரிகளிலும், வரிக்கு இரண்டு மூன்று சொல்லாக உடைத்தும் போட்டால் இப்போதைக்கு இந்தச் சங்கடம் வராது.

திருத்தத்தை வெளியிடும்போது ஒரு வேண்டுகோள். அச்சுக் கோப்பவர்கள் வழக்கமாகப் போடும் வளைந்த மேற்கோள் குறிகள் கட்டளைக்கு உதவாது. அவற்றை இணையப் பதிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஷெல் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. கேள்விக்குறி மறுபடி பாதுகாப்பில்லாமல் நிற்கும். மாஸ்க்கைச் சுற்றி நேர்க்கோடாக நிற்கும் குறிகளையே போட்டு, கட்டளையை ஒரே வரியில் உடையாமல், சம அகல எழுத்துருவில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நிலையம் நடத்தும் வாசகர்கள் சிலர்